உலகின் மிகப் பாதுகாப்பான பந்தயக் கார்

இனியன் செத்ததற்கு இனியன்தான் காரணம் என்று மாரக்காள் பொறியியல் கல்லூரி ஒரே அமர்வில் கண்டுபிடித்தது. மதியச் சாப்பாடும் அந்த அமர்வில் அடக்கம். மாணவர்களே சேர்ந்து செய்த ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கல்லூரி மைதானத்தில் ஓட்டிப் பார்த்தபோது, கிழக்கு வளைவில் திரும்பாமல் நேரே போய்த் தண்ணீர்த் தொட்டியில் மோதி அவன் இறந்துபோனான். 'அதிவேகமும் இளமைத் துடுக்கும்' என்று விசாரணைக் குழு எழுதியது. தொட்டி உடைந்ததற்கு இனியனின் தாயார் பழனியம்மாளிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கினார்கள். பழனியம்மாள் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவருக்கு மெதுவாகப் பேச வராது. முதல்வர் அறையில் அழுததும் அதே சத்தத்தில்தான். கல்வி வளாகத்தின் அமைதிக்குக் குந்தகம் விளைவித்ததற்காக அந்தக் கடிதத்திலேயே ஒரு வரி கூடுதலாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அதன்பின் கார் செய்த பட்டறையை மூடி, அங்கே மன ஒருமைப்பாட்டு மையம் திறந்தார்கள். மூக்கு நசுங்கிய காரைத் தார்ப்பாய் போட்டு மூடிப் பின்கொட்டகைக்குள் தள்ளினார்கள்.

இனியனோடு அந்தக் காரைச் செய்தவர்களில் மதியழகனும் ஒருவன். படிப்பு முடிந்து நாமக்கல்லில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வரைபடம் போடுகிறான். எங்கே கம்பி, எங்கே சீட், சாமி படத்துக்கு எங்கே விளக்கு என்று பகலெல்லாம் வரைவான். சாயங்காலமானால் கணினி முன்னால் உட்கார்ந்து சிமுலேட்டரில் கார் ஓட்டுவான். அதைப் பொம்மை விளையாட்டு என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். வண்டியின் எடை, டயரின் பிடிமானம், பிரேக்கின் பலம் எல்லாம் நிஜக் கணக்கிலேயே அதற்குள் நடக்கும். அதில் இல்லாத வண்டி வேண்டுமென்றால் ஆடுகிறவர்களே செய்து சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் செய்த வண்டிக்கு மோட் என்று பெயர். நாமக்கல் பையன்கள் ஊர் பஸ்ஸையும் டேங்கர் லாரியையும் ஹாரன் சத்தம் பிசகாமல் செய்து உலகத்துக்கே விட்டிருக்கிறார்கள்.

"இனியன் காரையே செய்யலாம்டா மதி" என்றான் அஸாருதீன். சேலத்தில் டயர் கடை வைத்திருக்கிற நண்பன்; அவனும் கார் செய்த கூட்டத்தில் ஒருவன். கடையின் பின்னறையில் டயர் அடுக்குகளுக்கு நடுவே ஸ்டியரிங்கும் பெடலும் வைத்த சிமுலேட்டர் ஒன்று இருந்தது. "பாவி, ஒரு நாள்கூட முழுசா ஓட்டல. மத்தவனாவது ஓட்டட்டும்."

அந்தக் காருக்கு எடைக் கணக்கு, வேகக் கணக்கெல்லாம் போட்ட அகல்யாவும் சேர்ந்துகொண்டாள். காரை ஸ்கேன் செய்ய வேண்டும், டயரைச் சோதிக்க வேண்டும். மூன்று பேர் சம்பளத்தில் ஆகிற காரியம் இல்லை. இணையத்தில் பொது நிதி திரட்டலாம் என்று முடிவானது. அதற்கு முன்னால் பழனியம்மாளிடம் கேட்கப் போனார்கள். தறிக்கூடத்து வாசலில் நின்று அவர் கேட்டார்.

"செத்தவன் வண்டிய ஆரு சாமி ஓட்டுவாங்க?"

"வெளிநாட்டுக்காரங்கெல்லாம் ஓட்டுவாங்கம்மா. வண்டி மேல இனியன் பேரு இருக்கும்."

"செரி. மெதுவா ஓட்டச் சொல்லு எல்லாத்தையும்" என்றுவிட்டு அவர் தறிக்குப் போனார்.

நிதி வந்தது. பல நாடுகளில் பஸ் மோட் ஓட்டும் பையன்கள் கொடுத்தார்கள். இனியனின் வகுப்புத் தோழர்கள் கொடுத்தார்கள். போலந்து நாட்டில் ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற யாரோ ஒரு கிழவர், எதற்கென்று முழுக்கப் புரிந்துகொள்ளாமலே கொடுத்தார். இனி காரை அளக்க வேண்டியதுதான் பாக்கி. கார் கல்லூரியில் இருந்தது.

முதல்வர் டாக்டர் தீர்த்தகிரி, மதியழகன் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மோட்டுன்னா?"

"கம்ப்யூட்டர்ல ஓட்டற கார்ங்க சார்."

"கம்ப்யூட்டர் லேபுக்குள்ள காரா? அனுமதி இல்ல."

மதியழகன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். பாதியில் போலந்து என்ற சொல் வந்தது. முதல்வர் கண்ணைத் திறந்தார். வெளிநாட்டிலிருந்து நிதியா என்று இரண்டு தரம் கேட்டார். தரச்சான்றுக் குழு வரப்போகிற ஆண்டு அது. 'பன்னாட்டுக் கூட்டுறவு' என்ற கட்டத்துக்கு எதிரே இதுவரை ஒரு கோடுதான் போட்டு வைத்திருந்தார்கள். அன்று மாலையே மதியழகனைத் தாளாளர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

தாளாளர் அருணகிரி கோழிப்பண்ணையில் தொடங்கி, முட்டை லாரிகள் வாங்கி, பிறகு கல்வியில் இறங்கியவர். இரண்டு தொழிலுக்கும் அவருக்குக் கொள்கை ஒன்றுதான்: இரவில் விளக்கை அணைக்கக் கூடாது. தாயார் மாரக்காளின் பெயரைக் கல்லூரிக்கு வைத்தார். விடுதிக்கும் அவர் பெயர்தான்; அறைக்கு அறை அவர் படம். காலையில் மணியடித்ததும் மாணவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எழ வேண்டும்.

"நல்ல காரியம் தம்பி" என்றார். "ஆனா செத்த பையன் பேரு வேண்டாம். அபசகுனம். 'தாளாளர் அருணகிரி உலகக் கார்'னு வெச்சிரு."

இது நாங்கள் திரட்டிய நிதி என்றான் மதியழகன். கொடுத்தவர்கள் எல்லாம் இனியனுக்காகத்தான் கொடுத்தார்கள் என்றான். தாளாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கார் ஆரு கொட்டாய்ல கெடக்குது?" என்றார். அதற்கு மேல் பேச இடமில்லை. இனியனின் பெயரைச் சின்ன எழுத்தில் வண்டியின் அடிப்பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாக அனுமதித்தார். புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்தானது. அதற்கும் மேடை, குத்துவிளக்கு, தட்டேந்திய பெண்கள் எல்லாம் உண்டு.

மறுநாளிலிருந்து கல்லூரியும் நிதி திரட்டத் தொடங்கியது. 'ஒவ்வொரு மாணவரும் தம் விருப்பத்தின் பேரில் கட்டாயம் செலுத்த வேண்டும்' என்று சுற்றறிக்கை வந்தது. விருப்பம் வராதவர்களுக்குத் தேர்வு நுழைவுச்சீட்டும் வராது. அந்த நிதி மோட் செய்கிறவர்களிடம் வந்து சேரவில்லை. ஆனால் ஆலோசனைகள் தினமும் வந்தன. கார் ஓட்டும் உருவம் சட்டையை உள்ளே விட்டிருக்க வேண்டும்; கழுத்தில் அடையாள அட்டை வேண்டும். காரைக் கிளப்பும்போது இன்ஜின் சத்தத்துக்கு முன்னால் தாளாளரின் வாழ்த்துரை கேட்க வேண்டும். மாணவர்களும் மாணவிகளும் ஒரே காரை ஓட்டுவது முறையல்ல என்று ஒழுங்குக் குழு ஆட்சேபித்தது. கார் ஒற்றை இருக்கை என்றும், ஓட்டுகிறவர்கள் வேறு வேறு நாட்டில் இருப்பார்கள் என்றும் அகல்யா விளக்கினாள். "இருக்கலாம்மா, ஆனா இருக்கை ஒண்ணுதான?" என்றார் குழுத் தலைவர். காரோடு மோட்டில் செய்யும் கல்லூரி மைதானத்தைச் சுற்றி மரங்கள் வேண்டும் என்றும் கேட்டார்கள். நிஜ மைதானத்தைச் சுற்றி ஒரு மரமும் இல்லை.

இவற்றில் செய்ய முடிந்ததைச் செய்துகொடுத்து, மூன்று பேரும் பின்கொட்டகையில் காரை அளந்தார்கள். தார்ப்பாயை விலக்கியபோது அஸாருதீன் வெளியே போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

பிரேக்குக்குப் போகும் குழாயில் துணி சுற்றியிருந்தது. அகல்யா அந்தத் துணியைப் பிரித்தாள். கார் செய்த நாளில் அவர்கள் யாரும் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. பிரேக் பொருத்தும் வேலையை மாணவர்கள் தொடக் கூடாது, பாதுகாப்பு கருதிக் கல்லூரியின் பராமரிப்புப் பிரிவே செய்யும் என்று அப்போது ஒரு விதி இருந்தது. உள்ளே இருந்தது பிரேக் குழாய் இல்லை. ஏதோ கறுப்பு ரப்பர்க் குழாய். அதன் மிச்சத் துண்டு கொட்டகை மூலையில் சுருண்டு கிடந்தது.

அந்தத் துண்டை அஸாருதீனின் கடைக்குக் கொண்டுபோய் ஹைட்ராலிக் பம்பில் மாட்டி அழுத்திப் பார்த்தார்கள். எலியை விழுங்கிய சாரைப்பாம்பு மாதிரி அது நடுவில் உப்பியது. அகல்யா அந்த அளவுகளை அப்படியே மோட்டுக்குள் ஏற்றினாள்.

முதலில் அஸாருதீன் ஓட்டினான். பிரேக்கை மெல்ல மிதித்தால் பிடித்தது. நீண்ட நேர்ப்பாதை முடிந்து கிழக்கு வளைவு வந்ததும் பலமாக அழுத்தினான். பெடல் அடிவரை போனது. கார் தண்ணீர்த் தொட்டியில் போய் மோதியது. மதியழகன் ஓட்டினான்; அதே தொட்டி. எத்தனை தரம் ஓட்டினாலும் அதே தொட்டி.

"எங்கயாவது தப்பா போட்டுட்டமா?" என்று அஸாருதீன் கேட்டான்.

"இல்ல" என்றாள் அகல்யா. "தேவையில்லாதப்ப நிக்குது. தேவைப்படறப்ப நிக்கல. அவ்வளவுதான்."

மறுநாள் மதியழகன் லீவு போட்டுவிட்டு முதல்வரிடம் போனான்.

"சார், பிரேக் பிடிக்கலீங்க."

"எந்த பிரேக்? மெய் பிரேக்கா, மெய்நிகர் பிரேக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க சார். இருந்தத அளந்துதான் போட்டிருக்கம்."

"அப்படி மொத்தமாச் சொல்லக் கூடாது" என்றார் முதல்வர். "மெய் பிரேக்கைப் பத்தின குழு அறிக்கை குடுத்துக் கலைஞ்சாச்சு. மெய்நிகர் பிரேக்குக்கு இன்னும் குழு போடல. இடையில நீங்க சொன்னா நான் எந்த ஃபைல்ல வைக்கறது?"

"தாளாளர்கிட்டயாவது சொல்லிருங்க சார்."

முதல்வர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "இந்தக் கல்லூரியில தாளாளர்கிட்ட நல்ல செய்தி மட்டும்தான் சொல்றது. அதுதான் இங்க மரபு."

விழா நாள் வந்தது. 'தாளாளர் அருணகிரி உலகக் கார் அர்ப்பணிப்பு விழா' என்று திருச்செங்கோடு சாலை வரைக்கும் பேனர் கட்டியிருந்தார்கள். மாணவர்களின் செல்போன்களை வாசலிலேயே வாங்கிச் சாக்கில் போட்டுக் கட்டினார்கள். மேடையில் சிமுலேட்டர், பின்னால் பெரிய திரை. தியாகத் தாயைக் கௌரவிப்பது என்று நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி இருந்ததால் பழனியம்மாளைக் காரில் அழைத்து வந்து மேடை ஓரத்தில் உட்காரவைத்திருந்தார்கள். அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

சிறப்பு விருந்தினராக வந்த ஓய்வுபெற்ற உயர் அதிகாரி முதலில் ஓட்டினார். தாளாளரின் வாழ்த்துரை முழுதும் ஒலித்து முடிந்ததும் கார் கிளம்பியது. நேர்ப்பாதை. வளைவு. தொட்டி. அரங்கம் ஒருமுறை 'அய்யோ' என்றது.

"ஐயாவுக்குப் பழக்கமில்ல" என்றார் முதல்வர். தாம் ஓட்டிக் காட்டினார். தொட்டி. "கண்ணாடி மாத்தோணும் எனக்கு" என்று எழுந்தார். இயந்திரவியல் துறைத் தலைவர் ஓட்டினார். பாதி வழியிலேயே அவருக்கு வியர்த்துவிட்டது. அவரும் தொட்டி. மாணவர்கள் பின்வரிசையில் சிரிக்கத் தொடங்கினார்கள். மதியழகனுக்குச் சிரிப்பு வரவில்லை. பழனியம்மாள் ஒவ்வொரு தரமும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொள்வதையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். நிறுத்திவிடலாம் என்று எழுந்தவனை அகல்யா சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அவங்க பாக்கட்டும் மதி. அந்தம்மாவுக்கு வேற எவனும் காட்டப்போறதில்ல."

தாளாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "நகருங்கப்பா. வயசுப் பையன்ல இருந்து லாரி ஓட்டுனவன் நான்." நன்றாகவே ஓட்டினார். வளைவு வந்ததும் கால் முழுதும் ஊன்றி மிதித்தார். திரை முழுக்கத் தொட்டி வந்து நின்றது. இப்போது பின்வரிசை மட்டுமல்ல, நடுவரிசையும் சிரித்தது.

தாளாளர் மைக்கைப் பிடுங்கினார்.

"என்ன சிரிப்பு? இந்தக் கார்ல ஒரு கொறையும் கெடையாது. நானே பாத்துப் பாத்துச் செய்யச் சொன்ன கார் இது. பசங்க என்ன கேட்டாங்க தெரியுமா? பிரேக்குக்குன்னு தனியாக் குழாய் வேணுமாம். வெளியூர்ல இருந்து வரோணுமாம். ஏனப்பா, குழாய்னா குழாய்தானே? நம்ம பண்ணைல கோழிக் கொட்டாய்க்கு மருந்தடிக்கற பம்புக் குழாய் சுருள் சுருளாக் கெடக்குது. அதுல வெட்டி மாட்டுங்கடான்னு என்ற கையால எடுத்துக் குடுத்தேன். எத்தன வருசமா மருந்தடிக்குது, ஒரு கோழி கொறை சொல்லிருக்குமா? சிக்கனம் புத்தகத்துல வராதுங்க. என்ற தாயி மாரக்காள் சொல்லிக் குடுத்தது அது."

ஒழுங்குக் குழுத் தலைவர் கையை உயர்த்தினார். அது கைதட்டுவதற்கான சைகை. அரங்கம் கைதட்டியது.

கைதட்டல் ஓய்ந்ததும் பழனியம்மாள் எழுந்தார். போர்த்திய பொன்னாடை தோளிலிருந்து சரிந்தது. அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

"ஏனுங்க, இப்ப நீங்க பிரேக்க மிதிச்சீங்களா?"

"மிதிச்சனுங்க" என்றார் தாளாளர். "நல்லாத்தான் மிதிச்சேன்."

"நிக்கலீங்களா?"

"நிக்கலீங்களே!"

"அப்ப என்ற பையனும் மிதிச்சிருப்பானுங்களா?"

தாளாளர் வாயைத் திறந்தார். முதல்வர் ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்து அவசரமாகக் கைகாட்டினார். நாட்டுப்பண் ஒலித்தது. எல்லோரும் விறைப்பாக எழுந்து நின்றார்கள். பழனியம்மாளும் கையைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றார். முடிந்த கையோடு மேடையை விட்டு விருந்தினரை இறக்கிவிட்டார்கள். பழனியம்மாளைக் கூட்டிவந்த கார் அவரைத் திருப்பிக் கொண்டுபோய் விடவில்லை. அவர் பஸ்ஸில் போனார்.

மெய்நிகர் விபத்தை ஆராயக் குழு போட்டார்கள். அது இரண்டு அமர்வு உட்கார்ந்தது, சாப்பாடு அசைவம். தவறு மோட் செய்தவர்களுடையது என்றும், சிரித்த மாணவர்கள் மன ஒருமைப்பாட்டு மையத்தில் மௌனம் பழக வேண்டும் என்றும் அறிக்கை வந்தது. ஒப்பந்தப்படி மோட் கல்லூரியின் சொத்து. மதியழகன் இனி அதை வெளியிடக் கூடாது. கல்லூரி ஆள் வைத்துப் புதிதாக ஒன்றைத் தயாரித்தது. அதில் கிழக்கு வளைவு இல்லை, தொட்டி இல்லை. சைக்கிள் வேகத்துக்கு மேல் கார் போகாது. 'உலகின் மிகப் பாதுகாப்பான பந்தயக் கார்' என்று தரச்சான்றுக் குழுவிடம் காட்டினார்கள். குழு பாராட்டி எழுதியது.

தாளாளரின் மேடைப் பேச்சை யாரும் மறைக்கவில்லை என்பதுதான் மதியழகனால் நம்ப முடியாத விஷயம். கல்லூரியே அதைத் தன் இணையப் பக்கத்தில் 'எளிமையின் சிகரம்' என்ற தலைப்பில் கைதட்டலோடு போட்டிருந்தது. மதியழகன் அதைச் செல்போனில் எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போனான். அங்கே இருந்தவர் முழுதும் பொறுமையாகப் பார்த்தார்.

"குழாய் குடுத்தேன்னுதானே தம்பி சொல்றாரு? கொன்னேன்னு சொல்லலையே."

"அந்தக் குழாயாலதானுங்க சார் பிரேக் பிடிக்கல. நாங்க அளந்து பாத்தோம்."

"எதுல?"

மதியழகன் சொன்னான்.

"கேம்ல நடந்த விபத்துக்கு இங்க வழக்குப் போட முடியாது. அந்த கேம் கம்பெனி எந்த ஊரோ அந்த ஊர் ஸ்டேஷன்ல குடுங்க" என்று அவர் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். அவன் கல்லூரிக்கு எழுதிய மனுக்களுக்கு, விழாவில் பங்கேற்றமைக்கான சான்றிதழ் ஒன்று பதிலாக வந்தது.

நிதி கொடுத்தவர்களுக்கு ஒப்பந்தத்துக்கு முன்பே வாக்குக் கொடுத்தாயிற்று என்று அகல்யா அவர்களுக்கு மட்டும் முதல் மோட்டை அனுப்பிவிட்டாள். அதில் இனியனின் பெயர் மூக்கின் மேல் பெரிதாக இருந்தது. பத்து நாடுகளிலிருந்து குறை வந்தது: வண்டி அழகாக இருக்கிறது, ஆனால் பிரேக் சரியில்லை, அடுத்த பதிப்பில் திருத்திவிடுங்கள். போலந்துக் கிழவர் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார். ரயிலில் ஒருமுறை தனக்கும் இப்படி ஆனதாகவும், இதை எந்தப் பையன் ஓட்டினான் என்றும் கேட்டிருந்தார். அதற்கு மட்டும் அகல்யா பதில் எழுதினாள்.

தறிக்கு விடுமுறை வந்த நாளில் பழனியம்மாள் பஸ் ஏறிச் சேலத்துக்கு வந்தார். வழி கேட்டுக் கேட்டு அஸாருதீனின் கடையைக் கண்டுபிடித்திருந்தார். மதியழகனும் அன்று அங்கே இருந்தான்.

"அம்மா, சாப்டீங்களா?" என்று அஸாருதீன் எழுந்தான்.

"அதெல்லாம் ஆச்சு சாமி. அந்த வண்டிய ஒருக்கா ஓட்டிக் காட்டு."

"வேண்டாங்கம்மா" என்றான் மதியழகன்.

"நான் தொட்டியப் பாக்க வரல. நீ ஓட்டு."

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. சிமுலேட்டருக்குப் பக்கத்தில், தரையில், ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து திரை தெரியாது. மதியழகனின் கால் மட்டும்தான் தெரியும். அவன் காரைக் கிளப்பினான். பின்னறை முழுக்க இன்ஜின் சத்தம் நிறைந்தது. நேர்ப்பாதை முடிந்தது. அவன் பிரேக்கை மிதித்தான். பெடல் கீழே போனது.

"இன்னும் மிதி சாமி."

"இதுக்கு மேல இல்லீங்கம்மா. அடி தட்டிருச்சு."

பழனியம்மாள் குனிந்து, பெடலின் மேலிருந்த அவன் பாதத்தை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துத் தன் பலம் கொண்ட மட்டும் அழுத்தினார். திரையில் கார் மோதி, சத்தமெல்லாம் அடங்கிப்போன பிறகும் அவர் அழுத்திக்கொண்டே இருந்தார்.